சில்வண்டின் ஷெல்

கல்லூரியில் அவளைச் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். அதற்காக வைத்த பெயர். ஒரு செமஸ்டரில் மட்டும் பேச்சு குறைந்திருந்தது. செய்முறைத் தேர்வுக்காக, சி என்ற கணினி மொழியில் ஒரு ஷெல் எழுதிக்கொண்டிருந்தாள்.

நாம் தட்டும் கட்டளையை வாங்கி, சொல் சொல்லாகப் பிரித்து, அதைச் செய்ய இன்னொரு நிரலைக் கிளப்பிவிட்டு, அது முடியும்வரை காத்திருந்து, மறுபடி "அடுத்து என்ன?" என்று நிற்பதுதான் ஷெல்லின் வேலை. கேட்க எளிது. எழுதப் போனபோது அவளுக்குத் தாவு தீர்ந்தது.

அவளுடைய அண்ணன் அதே கல்லூரியில் படித்து, அதே விரிவுரையாளரிடம் பேர் வாங்கி, இப்போது மென்பொருள் கம்பெனியில் இருப்பவன். "தள்ளு, நான் முடிச்சுத் தரேன்" என்று நாற்காலியைப் பிடித்து இழுத்தான்.

"கீபோர்டுல கை வச்சே, கடிச்சுடுவேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன்தான். அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செய்முறைத் தேர்வன்று விரிவுரையாளர் அவள் ஷெல்லை ஓட்டிப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தது. அதுவே வினையாகிப்போனது.

"உங்க அண்ணன் நல்லா எழுதியிருக்கான்" என்றார், ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"நான் எழுதினது சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அவன் எழுதிக் குடுத்தான்னு ஒத்துக்கோ, பாஸ் போட்டுடறேன். எதுக்கு வீண் வம்பு?"

பேசாமல் தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவளுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது.

"எந்த இடத்தை வேணும்னாலும் அழிங்க சார். உங்க கண்ணு முன்னாடியே மறுபடி எழுதறேன்."

அவர் யோசிக்கவே இல்லை. பைப் பகுதியை மொத்தமாக அழித்தார். ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்குள் ஊற்றுகிற பகுதி அது. வகுப்பில் பாதிப் பேர் தொட்டே பார்க்காதது.

எழுதி முடித்து ஓட்டினாள். கோப்புகளின் பட்டியலை எடுத்து, அதில் எத்தனை வரி என்று எண்ணச் சொன்னாள். ஒன்றும் வரவில்லை. ஷெல் அப்படியே உறைந்து நின்றது.

"போதும், எந்திரி. அடுத்த ஆள் வரட்டும்."

"எந்திரிக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"தப்பு விட்டிருக்கேன். அதையும் நானேதான் கண்டுபிடிக்கணும். அண்ணனுக்குப் போன் போடப் போறதில்ல."

அவள் திரையை மேலிருந்து கீழாகப் படித்தாள். எண்ண வேண்டிய நிரல் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கிறது. ஏன்? பைப்பின் எழுதும் முனை மூடினால்தான் வரவு முடிந்தது என்று அதற்குத் தெரியும்; அந்த முனையை யாரோ திறந்தே வைத்திருக்கிறார்கள். யார்? வேறு யாருமில்லை, ஷெல்லேதான். தன் கையிலிருந்த முனையை அது மூடவில்லை; மூடச் சொல்லி அவள் எழுதவில்லை.

விட்டுப்போன வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். எண் பளிச்சென்று வந்து விழுந்தது.

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதிப்பெண்ணை முழுசாகப் போட்டார். "தப்பா நினைச்சுட்டேன்" என்று மேசையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"பின் பெஞ்சுக்குக் கேக்கல சார்" என்றாள் அவள். "அண்ணன் எழுதினான்னு சொன்னது மட்டும் நல்லாக் கேட்டுச்சு."

அவர் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது இவளே எழுதினது. நான் சொன்னது தப்பு."

அந்த வருஷம் முழுக்க அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதற்காக ஒதுங்கிப் போகவில்லை. அவருடைய அடுத்த வகுப்புக்கு முதல் ஆளாகப் போய் முன் வரிசையில் உட்கார்ந்து, முதல் கேள்வியையும் கேட்டாள்.