கொதிச்ச கேன்

"ஏறிருச்சு! தொட்டியில எண்ணெய் ஒரு முழம் ஏறிருச்சு!"ன்னு அப்பா வாசல்லயே கத்துனதும், மக டம்ளரைக் கீழ வச்சுட்டு எட்டிப் பார்த்தா. எப்படி ஏறும்? கேன்ல இருந்த கிருமியைத்தான் அவளே கொன்னுட்டாளே!

கச்சா எண்ணெய் வத்திப்போன பழைய கிணறு. அதுலேர்ந்து தொட்டிக்கு எண்ணெய் எறைக்குற பம்ப் ஆபரேட்டர் அப்பா. சக்கரை ஆலையில மிஞ்சுற கறுப்புப் பாகுல ஒரு கிருமியை வளர்த்து உள்ள விட்டா, அது பாகைத் தின்னு வாயுவைக் கக்கி, பாறை இடுக்குல ஒட்டியிருக்குற எண்ணெயை வெளிய தள்ளுமாம். இதுவும் பலிக்கலேன்னா கிணத்தை மூடிருவாங்க, அப்பாவுக்கு வேலை போயிரும். ஷெட் ஒழுகுதுன்னு கிருமிக் கேனை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தவர், "ஒடம்பு சூட்டுலயே வச்சிரு குட்டி, சில்லுன்னு ஆகிறக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போனார். அவ வெந்நீர்ச் சட்டிக்குள்ள கேனை இறக்கி, அடுப்பைச் சின்னதா வச்சுட்டு போனை நோண்டுனா. திரும்பிப் பார்த்தா தளதளன்னு கொதிக்குது. தொடைச்சா, ஆற வச்சா, மூடுனா. யார்கிட்டயும் மூச்சு விடல. அதைத்தான் அப்பா பாகோட கலந்து கிணத்துல விட்டார்.

பின்னாடியே அப்பாகூட வேலை பார்க்குற வெல்டர் மாமா வந்தார். "வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் கிடையாதும்மா! பாகா ஊத்தி வளர்த்தான் உங்கப்பன். கிருமி விசுவாசத்தைக் காட்டிருச்சு!"

அம்மா சிரிச்சா. மகளுக்குச் சிரிப்பு வரல. தொட்டியில கோலை விட்டு அளக்குறது யாரு? அப்பா. அளந்ததை ஆபீசுக்குச் சொல்றது? அதுவும் அப்பாதான். வேற தொட்டி எண்ணெயை இதுல திருப்பி விட்டாலும் கேக்க நாதியில்ல. சீ, பெத்த அப்பனையே சந்தேகப்படுறதான்னு மனசு அடிச்சுக்கிச்சு. ஆனா அவர் வந்ததுலேர்ந்து அவ முகத்தை மட்டும் பார்க்கவே இல்ல.

"கிணத்துல வேற ஏதும் விட்டீங்களாப்பா?"

அப்பாவோட சிரிப்பு பாதியில நின்னுச்சு. "ஏன்? யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல... சும்மா."

மாமா கெளம்புனதும் அப்பா புதுக் கேன் ஒண்ணை அவ மடியில வச்சார். "நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார். அவரே கோலை விட்டுப் பார்க்கணுமாம்." மூடியைத் திருகுறதும் தளர்த்துறதுமா இருந்தவர், குரலை எறக்குனார். "இந்தத் தடவை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாத. என்ன?"

மடியில கேன் வெதுவெதுன்னு இருந்துச்சு. உள்ள ஏதோ மெல்ல நுரைக்குற சத்தம், இந்தக் கிருமி உசுரோட இருக்கு. அடுப்பு விஷயத்தை அவ யார்கிட்டயும் சொல்லவே இல்லையே. அப்போ, செத்ததுன்னு தெரிஞ்சேதான் ஊத்துனாரா? நாளைக்கு அந்த அதிகாரி கோலை உருவும்போது, அதுல ஒட்டியிருக்கப்போறது எந்தத் தொட்டி எண்ணெய்?