மஞ்சள் கரு நீக்கப்பட்டது

தராசு எங்கள் முதியோர் இல்லத்துக்கே நோயாளியாக வந்து சேர்ந்திருக்கிறார் என்று நர்ஸ் சொன்னபோது நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அது நல்ல சிரிப்பு இல்லை.

"இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகியிருக்கு. ஆறு வாரம் இங்கதான், பன்னிரண்டாம் ரூம். அக்கா, ஏன் இப்படிச் சிரிக்கற? பயமா இருக்கு."

"ஒண்ணுமில்லடி. விருந்தாளி வந்திருக்காரு, கவனிக்க வேண்டாமா?"

தராசு என்பது சமையலறையில் நாங்கள் வைத்த பெயர். முதியோருக்கான அரசாங்க உணவு வழிகாட்டியை எழுதிய குழுவின் தலைவர் அவர். அவரும் எழுபதைத் தாண்டியவர்தான். மரியாதைக்கு 'அவர்' என்கிறேன், மனசுக்குள் வேறு மாதிரி. மூன்று வருஷத்துக்கு முன் கையில் ஒரு சின்னத் தராசோடு வந்து, என் சமையலறையில் என்னையே ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, வெண்டைக்காயைக்கூட எடை போட்ட புண்ணியவான்.

அன்றிலிருந்து அறுபத்தைந்து வயதைத் தாண்டிய எல்லாருக்கும் பச்சை அட்டை. வெண்ணெய் கிடையாது. பால் என்றால் கொழுப்பெடுத்த பால். உப்பு அரைச் சிட்டிகை. முட்டையில் வெள்ளை மட்டும். 'மஞ்சள் கரு நீக்கப்பட்டது' என்று அட்டையில் அச்சடித்தே இருக்கும். நூறு கிலோ ஆளுக்கும் அதுதான், காற்றடித்தால் விழுகிற ஒல்லிக்கும் அதுதான். திரும்பி வருகிற தட்டுகளில் மிஞ்சியதை எடை போட்டு, ரூம் வாரியாக எழுதி மாதாமாதம் அனுப்ப வேண்டும். மிச்சம் சைபர் என்றால் சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அப்போது என் அப்பாவும் இங்கேதான், ஏழாம் ரூமில் இருந்தார். இங்கே வேலை செய்கிறவர்களின் பெற்றோருக்கு இடம் தருவார்கள். கப்பல் பட்டறையில் நாற்பது வருஷம் வெல்டராக இருந்தவர். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி, இரண்டு முழு முட்டை என்று பழகிய உடம்பு. பச்சை அட்டை வந்த முதல் வாரமே, "பாப்பா, நாக்கு செத்துப்போச்சுடி. ஒரே ஒரு முட்டை, மஞ்சக்கருவோட குடேன்" என்றார். தராசு அடுத்த முறை ஆய்வுக்கு வந்தபோது நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், எங்கப்பாவுக்கு எண்பது வயசு. நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போறாரு. ஒரு முட்டை மட்டும் முழுசா குடுத்துக்கறேன் சார்."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, ஆளாளுக்கு ஒரு சட்டம் போட முடியுமா? நாக்கு கேக்கறதையெல்லாம் குடுக்கறதுக்கு வழிகாட்டி எதுக்கு? பசிச்சா தானா சாப்பிடுவாங்க."

திருட்டுத்தனமாகக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மாட்டினால் என் வேலையும் போகும், அப்பாவுக்கு அந்த அறையும் போகும் என்று பயந்தேன். அந்தப் பயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவின் தட்டு காலியாகவே திரும்பியது. துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பழகிவிட்டார் என்று பூரித்துப்போய்த் தினமும் சைபர் எழுதினேன். ஆனாலும் ஆள் கரைந்துகொண்டே போனார். வயசாகிறது என்றார்கள், நம்பினேன். நாலாம் மாதம் குளியலறை வாசலில் கால் மடங்கி விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அலமாரியைக் காலி செய்யும்போதுதான் பார்த்தேன். சாக்ஸுக்கு அடியில் செய்தித்தாள் பொட்டலங்கள். காய்ந்த ரொட்டி, சுருங்கிய கேரட், ரப்பராகிப்போன முட்டை வெள்ளை. கடைசி வாரத்துச் சாப்பாடு அப்படியே இருந்தது. அதற்கு முந்தியதெல்லாம் கழிப்பறையில் போயிருக்கும். மிச்சம் வந்தால் சமைத்த மகளைக் கேள்வி கேட்பார்களே என்று ஒளித்து வைத்திருக்கிறார் மனுஷன். சாப்பிட்ட தட்டில் ஒரு துணுக்காவது ஒட்டியிருக்கும். இருபத்தாறு வருஷமாகச் சமைக்கிறவளுக்கு அதுகூடத் தெரியவில்லை.

அந்த வருஷ அறிக்கையில் தராசு எழுதினார்: 'ஏழாம் அறை: முழு ஏற்பு.' இல்லத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இப்போது அதே ஆளுக்கு நான் பச்சை அட்டை போட்டேன். விஷம் வைக்கவில்லை, எச்சில் துப்பவில்லை, ஒரு கிராம் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. அவர் எழுதியதை அவருக்கே பரிமாறினேன்.

முதல் நாள், "பரவால்லயே, கரெக்டா செய்யறீங்க" என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை. நாலாம் நாள், "கொஞ்சம் உப்பு கிடைக்குமாம்மா?" என்றார். எட்டாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "ஒரு முட்டை முழுசா குடுக்கக் கூடாதா?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மூன்று வருஷமாகக் காத்திருந்தேன். "ஆளாளுக்கு ஒரு சட்டம் போட முடியுமா சார்? பசிச்சா தானா சாப்பிடுவீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மனசு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் நர்ஸ் வந்தாள். "அக்கா, அஞ்சு கிலோ இறங்கிட்டாரு. தையல் ஆறவே மாட்டேங்குது. டாக்டர் பச்சை அட்டையை மாத்தணும்னா குழுத் தலைவர் அனுமதி வேணுமாம்."

"தலைவர்தான் கட்டில்ல படுத்திருக்காரே, கேட்டுக்க வேண்டியதுதானே?"

"கேட்டாச்சு. தனக்காகத் தானே விதியை மாத்தினா ஊரே சிரிக்கும்னு கையெழுத்து போடமாட்டேங்கறாரு. நீயாவது ஏதாவது கலந்து குடேன்க்கா."

"நானும் உப்புப் போட்டுத்தாண்டி சாப்பிடறேன். முடியாது போ."

பதினெட்டாம் நாள் பன்னிரண்டாம் ரூம் தட்டு காலியாக வந்தது. நோட்டில் சைபர் எழுதப் பேனாவை எடுத்தேன். தட்டு பளபளவென்று இருந்தது. ஒரு துணுக்குகூட ஒட்டியிருக்கவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

ஏப்ரனோடு அவர் அறைக்குப் போனேன். கன்னம் குழிந்து, பைஜாமாவுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கட்டில் ஓர இழுப்பறையை இழுத்தேன். ஏழெட்டுப் பொட்டலங்கள். சுற்றியிருந்த காகிதம் வழிகாட்டியின் புதிய பதிப்பு. கையெழுத்துக்காக அவருக்கு வந்திருந்த வரைவுப் பக்கங்கள்.

"எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?"

கண்ணை மூடிக்கொண்டார். "மிச்சம் வந்தா ரெக்கார்டு ஆகும். எழுதினவனே சாப்பிடலன்னு தெரிஞ்சா என் பேரு என்னம்மா ஆகறது?"

என் அப்பா மகளுக்காக ஒளித்தார், இந்த ஆள் பேருக்காக ஒளிக்கிறார். இழுப்பறையைச் சாத்திவிட்டுப் போய் இன்னும் ஒரு மாதம் சைபர் எழுதினால் போதும். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்க முடியாது. சத்தியமாகச் சாத்தத்தான் நினைத்தேன். ஆனால் பொட்டலத்திலிருந்து அந்த முட்டை வெள்ளை எட்டிப் பார்த்தது. அதே ரப்பர். இன்னொரு காலித் தட்டுக்கு என் கையால் சைபர் எழுத எனக்கு வரவில்லை. அதோடு, இந்த ஆள் செத்துத் தொலைந்தால் நான் யாரைக் கேள்வி கேட்பேன்?

சமையலறைக்குப் போய் வெண்ணெயைக் கல்லில் போட்டேன். முட்டையை முழுசாக உடைத்து ஊற்றினேன். ரொட்டியை முறுகலாக வாட்டினேன். அந்த வாசனைக்கு வராந்தாவில் வீல்சேர்கள் நின்றன. ஆபீசிலிருந்து அந்த வருஷ அறிக்கையை எடுத்துக்கொண்டு, நர்ஸையும் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய், தட்டை மடியில் வைத்து அவருக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தேன்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏழாம் ரூம். என் அப்பா. முழு ஏற்புன்னு எழுதினீங்க. ஞாபகம் இருக்கா?"

என்னையே பார்த்தார். தெரிந்துகொண்டுவிட்டார். "நீதானா அது?"

"நானேதான். அவரும் இப்படித்தான் பொட்டலம் கட்டி வச்சிருந்தாரு. எழுதுங்க சார். முதல்ல ஏழாம் ரூமைத் திருத்துங்க. அப்புறம் வழிகாட்டியை."

"இது மிரட்டல்மா."

"ஆமா சார், மிரட்டல்தான். முட்டை ஆறுது."

நர்ஸ் அறிக்கையையும் பேனாவையும் நீட்டினாள். வெண்டைக்காயை எடை போட்ட கை அவற்றை வாங்கியது. 'ஏழாம் அறை: முழு ஏற்பு' என்பதை அடித்துவிட்டு, 'சாப்பிடவில்லை, நாங்கள் கவனிக்கவில்லை' என்று எழுதினார். எண்ணெய்க் கறை படிந்த வரைவுப் பக்கத்தில், எடை குறைகிற முதியவருக்குப் பச்சை அட்டை கூடாது, அவர் விரும்பிக் கேட்பதைக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் இரண்டையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டைக் கொடுத்தேன்.

மஞ்சள் கரு உடைந்து வழிந்தது. ரொட்டியால் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

"இன்னொண்ணு கிடைக்குமாம்மா?" என்றார். வாய் ஓரத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

தட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது.

"நாளைக்குத் தரேன் சார்" என்றேன். "உங்களுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கே."