ஆணியில் மாட்டிய ரப்பர்

…ஏறவில்லை, ஏறப்போகிற மாதிரி ஒரு சீறல் மட்டும், தூள் சரியில்லையோ, இல்லையே, நேற்றுத்தானே தேரடித் தெருவில் நின்று அரைத்து வாங்கினாள், சிக்கரி கலந்துடாதீங்க என்று கடைக்காரரிடம் இரண்டு தரம் சொல்லி, அவர் கூட ஏம்மா ஊரெல்லாம் கேட்டு வாங்கிப் போறாங்க, நீங்க வேணாங்கறீங்க என்று சிரித்தாரே… வேதா தீயைக் குறைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். இத்தாலிக் கூஜா என்று அவள் புருஷன் அப்பாதுரை பேர் வைத்த அலுமினியச் சாமான் அது, மாடியில் குடியிருந்த இத்தாலிக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேலே காபி, அவ்வளவுதான். தண்ணீர் கொதித்துத் தூளுக்குள் புகுந்து மேலே களகளவென்று ஏறும், ஏறி முடிக்கும்போது வயிறு நிறைந்தவன் மாதிரி 'ம்ம்' என்று முனகும். இது வந்த நாளிலிருந்து அந்த மனுஷருக்கு ஃபில்டர் காபி கசந்துபோனது, என்ன ராங்கி. மனுஷர் போய் ஒரு வருஷம், இன்றைக்குத் திதி, வடை ஆயிற்று, பாயசம் ஆயிற்று, அப்பாவோட காபி இல்லாம என்னம்மா படையல் என்று மகன் அருள்ராஜ்தான் பரணிலிருந்து இதை இறக்கிக் கொடுத்தான். இது போடற சத்தத்த இன்னிக்கு நீயே கேளு, மனசு சமாதானமாயிடும் என்றும் சொன்னான்.

சமாதானம்… அதற்குத்தானே இந்த ஒரு வருஷமும். போன மார்கழியில், விடிந்தும் விடியாமல், இதே அடுப்பில் இதை ஏற்றிவிட்டு அவள் குரல் கொடுத்தாள், ஏங்க, காபி ஆவுது, எழுந்திருங்க என்று. உள்ளேயிருந்து 'ம்' என்றார். என்றாரே, காதால் கேட்டாளே. அப்புறம் உள்ளே போய்த் தொட்டபோது இல்லை. எட்டு மணிக்கு வந்த டாக்டர் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நாலு மணிக்கே போயிட்டாரும்மா, நெஞ்சடைப்பு என்றார். நாலு மணிக்குப் போனவர் ஆறு மணிக்கு எப்படி 'ம்' கொட்டுவார்? பக்கத்து வீட்டு ராஜம்மாள் அதைக் கேட்டதிலிருந்து மூன்று மாசம் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அருள்ராஜ்தான் யோசித்துச் சொன்னான், அம்மா, அது அப்பா இல்ல, இந்தக் கூஜா முனகுன சத்தம் என்று. ஆமாம், அப்படித்தான் இருக்கும், வேறென்ன இருக்க முடியும்? அன்றைக்கு ராத்திரிதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

சீறல் நிற்கவில்லை. இறக்கி, பச்சைத் தண்ணீரில் காட்டிக் கழற்றினாள், தூளைத் தட்டினாள், சல்லடைக் கண்களை ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தினாள், பக்கத்திலிருந்த குட்டி வால்வை ஊதினாள், அடைப்பு எதுவும் இல்லை. காலையில் முதலில் திறந்தபோது ஒரு வருஷத்துத் தூள் உள்ளே வரட்டியாகக் காய்ந்து கிடந்தது, அன்றைக்கு ராஜம்மாள் அடுப்படியை ஒழித்தபோது அப்படியே தூக்கிப் பரணில் போட்டிருக்கிறாள். ஆனால் மேல்பாத்திரம் மட்டும் ஒரு கறை இல்லாமல் பளபளவென்று… கழுவியிருப்பாளோ? தூளைக் கொட்டாமல் மேலே மட்டும் யார் கழுவுவார்கள்? மறுபடி பூட்டி ஏற்றினாள். மறுபடி கூஜாவின் இடுப்பிலிருந்து ஆவி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தீயில் விழுந்து சுர்ரென்றது. இந்தச் சுர்… இதை எங்கேயோ… அருள்ராஜ் எட்டிப் பார்த்து, நடுவுல ஒரு ரப்பர் இருக்குமேம்மா, பரண்லயே விழுந்திருக்கும், பாக்கறேன் என்று ஸ்டூலை இழுத்துக்கொண்டு போனான். ரப்பரா? வேதா ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் ஓரத்து ஆணியில் குக்கர் ரப்பர் தொங்கியது, தினம் கழுவி தினம் மாட்டுவது. அதற்குப் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு, சின்னதாக ஒன்று. மிக்ஸி மூடியினுடையது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எடுத்தாள், ஒரு வருஷத்துத் தூசி விரலில் வந்தது.

அவர் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், காபி தீய்ஞ்ச வாடை அடிக்குது வேதா என்று அவர் முகத்தைச் சுளித்ததற்காகப் புளி போட்டுத் தேய்த்தாள், ரப்பரைத் தனியாகக் கழற்றி, குக்கர் ரப்பரை மாட்டுகிற பழக்கத்தில் கை பாட்டுக்கு அங்கேயே மாட்டியது. காலையில் அது இல்லாமலே பூட்டினாள். அப்படியானால் அன்றைக்கும் ஏறவில்லை. ஐயோ, ஏறவில்லையே… இதே சுர்ர்தான், இதே சொட்டுதான், எப்படி மறந்தாள், இறக்கினாள், கழற்றினாள், ஊதினாள், திரும்ப ஏற்றினாள், சனியன் பிடிச்ச சாமான் என்று அதோடு இருபது நிமிஷம் மல்லுக்கட்டினாள், அந்த இருபது நிமிஷத்துக்கு முன்னாலேயே 'ம்' வந்துவிட்டது. முனகாத கூஜா, முனகவே முடியாத கூஜா. அப்போது கேட்டது என்ன? தொட்டபோது கை சில்லென்றிருந்ததே, அதுதானே அத்தாட்சி… யார் கை? மார்கழிக் குழாய்த் தண்ணீரில் அவ்வளவு நேரம் இதைக் கழுவிக்கொண்டிருந்தது அவள் கை. சில்லிட்டிருந்தது அவருடையதா, தன்னுடையதா? டாக்டர் வந்தது எட்டு மணிக்கு, நாலு மணி என்று அவர் சொன்னது வெறும் கணக்குத்தானே, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாரா?

கெடச்சிடுச்சி, எறங்கு என்றாள். எங்கம்மா இருந்துச்சி என்று அவன் பரணடியிலிருந்து கேட்டதற்கு, இங்கதான் என்று மட்டும் சொன்னாள். ரப்பர் பொருந்திக்கொண்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி. அடுப்பில் ஏற்றிய நாலு நிமிஷத்தில் கறுப்பாக ஏறியது, களகளவென்றது, கடைசியில் 'ம்ம்' என்று முனகியது. ஹாலிலிருந்து அருள்ராஜ் சந்தோஷமாகச் சொன்னான்:

"பாத்தியாம்மா? நீ கேட்டது இதத்தான்."

"ஆமாண்டா" என்றாள் வேதா.

இது கொழகொழத்த சத்தம், தண்ணீருக்குள்ளிருந்து வருவது. அது அப்படியில்லை, தூக்கம் கலையாத, தொண்டையில் கொஞ்சம் சளி கட்டிய, முப்பது வருஷம் கேட்ட 'ம்'. ஒருவேளை எழுந்திருக்க முடியாமல், கூப்பிட முடியாமல், அந்த ஒன்றைத்தான் சொல்ல முடிந்ததோ, அவள் இங்கே மல்லுக்கட்டிய அந்த இருபது நிமிஷத்தில்தான் போனாரோ… டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். படையல் அந்த அறையில்தான், கட்டில் கிடந்த இடத்தில் படம், படத்துக்கு மாலை. வாசற்படியில் வந்ததும் வாய் தன்னால் திறந்தது, ஏங்க, காபி என்று, முப்பது வருஷப் பழக்கம், பாதியில் பல்லைக் கடித்து நிறுத்தினாள். அண்ணாமலையாரே, அவர் நாலு மணிக்கே போயிருக்கணும், ஆறு மணிக்கு இந்த அறையில் உசுரோடு யாரும் இருந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள், என்ன வேண்டுகிறோம் என்பது வேண்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அப்படியானால் 'ம்' சொன்னது யாரோ, எதுவோ, அது இன்னும் இங்கேயே இருந்தாலும் சரி, இருந்துவிட்டுப் போகட்டும், அதோடு கூட இந்த வீட்டில் குடித்தனம் பண்ணிவிடலாம். டம்ளர் விரலைச் சுட்டது. உள்ளே போகாமல், கூப்பிடவும் செய்யாமல், படியிலேயே நின்றாள்.