டிங்வால் வீட்டுக் கடிகாரம்

நன்றாகப் பறந்ததுதான் வெண்டல் ஹால்வர்சன் செய்த முதல் தப்பு.

அவனோடு பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் அரைகுறையாகப் பறந்தவர்கள் எல்லாரும், மார்பில் இறக்கைச் சின்னம் குத்திய கையோடு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். தரையிறங்கும்போது வெட்டுக்கிளி மாதிரி குதித்தவன்கூட இன்று குண்டு விமானம் ஓட்டுகிறான். வகுப்பில் முதலாவதாக வந்த வெண்டலை மட்டும் பிடித்து நிறுத்தி, புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்லிக்கொடு என்று மஞ்சள் ஹார்வர்டு பயிற்சி விமானத்தின் பின்னிருக்கையில் உட்காரவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சஸ்காச்சுவான் கோதுமைச் சமவெளியில் இது இரண்டாவது அறுவடை.

காலையில் ஏறி உட்கார்ந்தால் மாலை வரை கத்தல்தான். மூக்கைத் தூக்காதே, வேகத்தைப் பார், அது மேகம் அல்ல, புழுதி. ஒரு பையன் ஒழுங்காகப் பறக்கக் கற்றுக்கொண்ட மறுநாள் அவனுக்குக் கைகுலுக்கி, போருக்கு வழியனுப்ப வேண்டும். ஊர் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் இங்கதானா?" என்று கேட்டார்கள். அவர்கள் குசலம்தான் விசாரித்தார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு அவன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

மாற்றல் கேட்டு விண்ணப்பம் கொடுத்துப் பார்த்தான். தளபதி பென்ரோஸ் ஒவ்வொரு முறையும் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, நல்ல வாத்தியார் கிடைப்பது கஷ்டம் என்று அவன் தோளைத் தட்டி அனுப்பினார்.

வழி காட்டியவன் லோர்ன் மக்ரே. அவனும் பயிற்றுநர்தான். ஒருநாள் ரயில் பாலத்துக்கு அடியில் விமானத்தை நுழைத்து வெளியே எடுத்தான். ரயில் ஓட்டுநர் புகார் கொடுத்தார். லோர்ன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்த மாதமே அவனைப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது வெண்டலிடம் சொன்னான்:

"நீ நல்ல புள்ளையா இருக்கற வரைக்கும் உன்ன விடமாட்டாங்கடா. ஒரே ஒரு புகார் வரட்டும், அவங்களே மூட்டை கட்டிக் குடுப்பாங்க."

ஆக, வெண்டலுக்கு வேண்டியது ஒரு புகார். புகார் என்று நினைத்தவுடனே அவன் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணை மிசஸ் டிங்வாலின் முகம்தான் அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த அம்மாள் ரயில் எஞ்சினின் தீப்பொறி பற்றி ரயில்வேக்குப் புகார் கொடுத்தவள். பள்ளிக்கூட மணி காதைக் கிழிக்கிறது என்று வாத்தியாரம்மாவிடம் சண்டைக்குப் போனவள். பிரசங்கம் நீளம் என்று பாதிரியாரையே கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டவள். அவள் கோழிக்கூட்டுக்கு மேல் ஒரு விமானம் உரசிக்கொண்டு போனால் சும்மா விடுவாளா?

தளத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் தங்கை சோல்வைக் எடுத்தாள்.

அந்தப் பக்கத்துப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பிதான். எந்த வீட்டுக்கு மணி அடித்தாலும் எல்லா வீட்டிலும் அடிக்கும், எல்லா வீட்டிலும் எடுப்பார்கள். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை; பனிக்காலத்தில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? யார் ஒட்டுக் கேட்கிறார்கள் என்பதுகூட எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டில் குழந்தை அழும், இன்னொரு வீட்டில் நாய் குரைக்கும். டிங்வால் வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்று நொண்டி நொண்டி அடித்துக்கொண்டிருக்கும். ரகசியம் பேச வேண்டுமானால் ஹால்வர்சன் வீட்டார் நார்வே பாஷைக்கு மாறிவிடுவார்கள். கம்பியில் மற்ற எல்லாரும் ஸ்காட்லாந்துக்காரர்களும் இங்கிலாந்துக்காரர்களும்தான். சலித்துப்போய் ஒவ்வொருவராக வைத்துவிடுவார்கள். அவன் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

அன்றும் அப்படியே மாறினான். விஷயத்தைக் கேட்டதும் சோல்வைக் குறுக்கே பேசினாள்.

"வேணாம் அண்ணா. உன்ன ஜெயில்ல போட்டுட்டா?"

"போடமாட்டாங்க. வைவாங்க, அப்புறம் அனுப்பிடுவாங்க. அதுதான் எனக்கு வேணும். அந்தம்மா வீட்டு ஆளுங்க வியாழக்கிழமை எங்க இருப்பாங்க, அத மட்டும் சொல்லு."

வியாழக்கிழமை எல்லாரும் நம் வயலில் கதிரடிக்கிறார்கள், அவர்கள் வயலில் கட்டுகள் மட்டும்தான் அடுக்கியிருக்கும், அந்த அம்மாள் முற்றத்தில் இருப்பாள் என்று அவள் வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். இவ்வளவு நேரமும் கடிகாரம் நொண்டிக்கொண்டே இருந்தது. வெண்டல் அதைச் சட்டை செய்யவில்லை.

வியாழக்கிழமை பழுது பார்த்த விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கத் தனியாக எடுத்துக்கொண்டு போனான். தளம் கண்ணுக்கு மறைந்ததும் இறங்கினான். தந்திக் கம்பங்கள் அவன் தலைக்கு மேலே போயின. கதிர்க்கட்டுகளின் உச்சி சிலிர்த்தது. ஹார்வர்டு எழுப்பும் இரைச்சல் பிணத்தையும் எழுப்பிவிடும். கோழிகள் திசைக்கொன்றாகச் சிதறின. மிசஸ் டிங்வால் கொடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் வாயில் கவ்வியிருந்த மரக் கிளிப்பைக்கூட அவன் பார்த்தான். விமானத்தின் எண்ணை அவள் சரியாகப் படித்துக்கொள்ளட்டும் என்று திரும்பி வந்து இன்னொரு சுற்றுச் சுற்றினான். ஆனால் அவள் கையை ஓங்கவில்லை, திட்டவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அவன் போகிற வரைக்கும் பார்த்தபடி நின்றாள்.

அப்புறம் காத்திருந்தான். அழைப்பு வந்தபோது பொத்தான்களைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டு போனான்.

"டிங்வால்னு ஒரு அம்மாவ உனக்குத் தெரியுமா?" என்றார் பென்ரோஸ்.

"தெரியும் சார்." சிரிப்பு வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"நேத்து போன் பண்ணாங்க. நம்ம விமானம் ஒண்ணு அவங்க வீட்டு மேல போச்சாம். ரொம்ப உயரமா, ரொம்பப் பத்திரமா போச்சாம். அத ஓட்டினவர் மாதிரி ஆளுங்கள எங்கயும் அனுப்பிடாதீங்க, இங்கயே வச்சுக்கங்கன்னு சொன்னாங்க."

வெண்டலுக்குக் காது சூடானது. அது பொய் என்றான். தான் தாழ்வாகத்தான் பறந்ததாகவும், கோழிக்கூட்டுக் கூரைக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடமில்லை என்றும், சக்கரத்தில் வைக்கோல் சிக்கியிருந்ததை மெக்கானிக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றும் சொன்னான்.

பென்ரோஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வைக்கோல் காத்துல பறந்து வந்திருக்கும். இந்த ஊர்ல காத்து ஜாஸ்தி."

"நானே ஒத்துக்கறேன் சார்."

"நீ ஒத்துக்கிட்டா ஆச்சா? புகார் வேணும்ல? லோர்ன் மோசமான வாத்தியார், போனது எனக்கு நிம்மதி. உன்ன அனுப்பிட்டு நான் யார வச்சுச் சொல்லிக்குடுக்கறது? திங்கக்கிழமை புதுப் பசங்க வர்றாங்க. போய் வேலையப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஊருக்குப் போனவன், தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே டிங்வால் வீட்டுச் சமையலறையில் போய் நின்றான். அடுப்பில் காட்டுப்பழ ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. மிசஸ் டிங்வால் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு கோப்பையில் காபியை ஊற்றி மேசையில் வைத்தாள். அவன் உட்காரவில்லை.

"ரயில்வேகாரன் மேல குடுத்தீங்க, பாதிரியார் மேல குடுத்தீங்க. என் மேல ஒரே ஒரு புகார் குடுத்தா என்ன கொறஞ்சு போயிடும் உங்களுக்கு?"

"அன்னைலேர்ந்து கோழிங்க முட்டை வைக்கல. தெரியுமா?"

"அதத்தான் தளபதிகிட்ட சொல்லுங்கன்றேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு நார்வே பாஷையில் பேசினாள். உச்சரிப்பு முழுக்க ஸ்காட்லாந்து. வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. ஆனாலும் புரிந்தது.

"உன் தங்கச்சி வேணாம்னுதான் சொன்னா. நீதான் கேக்கல."

வெண்டல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டான். அவள் ஆங்கிலத்துக்குத் திரும்பினாள்.

"நீ அரை நிஜார் போட்ட காலத்துலேர்ந்து உங்க வீட்டுப் பேச்சக் கேட்டுட்டிருக்கேன். இத்தன வருஷம் கேட்டும் புரியாம போக நான் என்ன மரக்கட்டையா? உங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு ஊருக்கு முன்னாடி எனக்குத் தெரியும். உங்கப்பா காளை வாங்கி ஏமாந்ததும் தெரியும். யார்கிட்டயாவது சொன்னேனா?"

கடிகாரத்துக்குப் பக்கத்தில் அவள் மகன் ஹெக்டரின் படம் இருந்தது, காலாட்படைச் சீருடையில். போன வருடம் டியப் கடற்கரைச் சண்டையில் இறங்கியவன் திரும்பவில்லை. வெண்டலும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"ஊர்ல எல்லாத்துக்கும் கொறை சொன்னவ நான்," என்றாள் மிசஸ் டிங்வால். "இவன் போறேன்னு வந்து நின்னப்ப மட்டும் ஒரு வார்த்தை சொல்லல. எல்லார் புள்ளையும் போறான்னு வாய மூடிட்டிருந்தேன், அவன் போனான். இப்பவும் வாய மூடிட்டிருக்கேன். நீ இரு."

"நான் ஹெக்டர் இல்ல."

"தெரியும். ஹெக்டர் கோழிங்கள மெரட்டமாட்டான்."

வெண்டல் காபிக் கோப்பையைத் தள்ளிவைத்தான். தன்னைவிட மட்டமாகப் பறக்கிறவர்கள் அங்கே தினமும் போய்க்கொண்டிருக்கிறார்கள், தான் கற்றுக்கொடுத்து அனுப்பிய பையன்களில் சிலர் பெயர் செய்தித்தாளில் இறந்தவர் பட்டியலில் வந்துவிட்டது, அவர்களை அனுப்பிவிட்டு இங்கே காபி குடிப்பது எப்படி இருக்கும் என்று தெரியுமா என்றெல்லாம் கேட்டான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்பதில் அவளுக்குச் சலிப்பே கிடையாது. முடித்ததும் ஜாம் ஒரு பாட்டில் எடுத்து அவன் கையில் திணித்து, உங்கம்மாவிடம் கொடு என்றாள்.

வீட்டில் அப்பா அவனிடம் எதையும் கேட்கவில்லை. அதுவே அவருக்குத் தெரியும் என்பதைச் சொல்லிவிட்டது. விமானம் பறப்பதற்கு முந்தின நாளே மிசஸ் டிங்வால் எல்லா வீட்டையும் கம்பிக்குக் கூப்பிட்டு, யாரும் புகார் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

"இனிமே நீ தலைகீழாப் பறந்தாலும் இந்தப் பக்கத்துல ஒருத்தர் கண்ணுக்கும் தெரியமாட்டே," என்றாள் சோல்வைக்.

திங்கட்கிழமை புதுப் பையன்கள் வந்தார்கள். வெண்டலுக்குக் கிடைத்தவன் டொராண்டோவில் துணிக்கடையில் வேலை பார்த்தவன். இடது எது வலது எது என்பதிலேயே அவனுக்குக் குழப்பம். முதல் தரையிறக்கத்தில் விமானம் துள்ளிய துள்ளலில் வெண்டல் நாக்கைக் கடித்துக்கொண்டான். மேலே ஏறு, மறுபடியும் செய் என்றான். மறுபடியும் துள்ளியது. மறுபடியும் என்றான்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குக் கூப்பிட்டான். கம்பியில் ஒவ்வொரு வீடாக எடுக்கும் சத்தம் கேட்டது. குழந்தை அழுதது, நாய் குரைத்தது. கடைசியாக அந்த நொண்டிக் கடிகாரம்.

"எப்படி இருக்கே அண்ணா? மறுபடியும் மாற்றல் கேட்டியா?"

கேட்டிருந்தான். விண்ணப்பம் அன்று காலைதான் இழுப்பறைக்குள் போயிருந்தது. இனிமேலும் கேட்பான். அதைக் கம்பியில் உரக்கச் சொல்ல வேண்டும், அந்த அம்மாள் காதில் விழ வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருந்தான். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடிகாரம் நொண்டியது, நின்று, மறுபடி நொண்டியது.

"இல்ல," என்றான் நார்வே பாஷையில். "எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

ஒரு வீட்டில் தொலைபேசியை மெதுவாக வைக்கும் சத்தம் கேட்டது, அதோடு கடிகாரச் சத்தமும் நின்றுபோயிற்று. வெண்டல் தொலைபேசியை மாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியை ஓங்கி ஓர் உதை விட்டான்.