துளை விழாத தாள்

அமெரிக்காவின் வயோமிங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்வைலா அப்போதுதான் கைத்துப்பாக்கி சுடப் பழகிக்கொண்டிருந்தாள். தோட்டா விலைதான் கையைக் கடித்தது. கணவனின் தம்பி ராய்ஸ் ஒரு துப்பாக்கிச் சந்தையிலிருந்து பிளாஸ்டிக் பை நிறையத் தோட்டா வாங்கி வந்தான். பெட்டியும் இல்லை, பெயரும் இல்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் யாரோ வீட்டிலேயே மறுபடி வெடிமருந்து அடைத்தவை.

"பாதி விலை, ட்வைலா! இலக்குத் தாளைச் சுடுறதுக்கு இது போதாதா?"

"யாரு செஞ்சது?"

"தாடி வச்ச ஒரு ஆளு."

"இந்த ஊர்ல பாதிப் பேரு தாடிதான் வச்சிருக்கான்."

இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். ஆரின் நடத்தும் சுடுகூடத்தில் முதல் சில தோட்டாக்கள் ஒழுங்காகவே வெடித்தன. அடுத்தது 'டொப்' என்றது. துப்பாக்கி கையில் உதைக்கவே இல்லை.

"மருந்து நமுத்திருக்கும். துப்பாக்கி மேல்பகுதியை இழுத்து விட்டுட்டு அடுத்ததைச் சுடு" என்றான் ராய்ஸ்.

ட்வைலா விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு எதிரே தொங்கிய தாளைப் பார்த்தாள். புதிதாகத் துளை ஏதும் விழவில்லை.

"அப்ப அந்தக் குண்டு எங்க போச்சு?"

துப்பாக்கி முனையை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ஆரினைக் கூப்பிட்டாள். அவர் தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, குழலுக்குள் மெல்லிய கம்பியை விட்டார். அது பாதியில் நின்றது.

"உள்ளயே உக்காந்திருக்கு. இன்னொண்ணு சுட்டிருந்தா குழல் வெடிச்சிருக்கும்மா."

ராய்ஸின் முகம் வெளிறிப்போனது. ட்வைலா மீதித் தோட்டா இருந்த பையைக் காட்டிக் கேட்டாள்: "மத்ததுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கலாமா?"

தோட்டாவைப் பிரிப்பதற்கென்றே ஆரினிடம் ஒரு சுத்தியல் இருந்தது. சிலவற்றைப் பிரித்து, மருந்தை வெள்ளைத் தாளில் தனித்தனியாகக் கொட்டினார். ஒன்றில் மருந்தே இல்லை. இன்னொன்றில் மற்றவற்றைப் போல இரண்டு பங்கு இருந்தது.

"தாளைச் சுட இது போதும்னு சொன்னியே, ராய்ஸ்" என்றாள்.

பையை ஆரினிடமே விட்டுவிட்டாள். சுடுகூடத்தின் கடைப் பக்கம் போய், "மலிவாவும் இருக்கணும், பயமில்லாமலும் சுடணும்" என்று அவரிடமே கேட்டாள்.

"தொழிற்சாலையில புதுசா செஞ்சது எடு. குழல்ல பொறிச்ச அளவும் பெட்டியில போட்ட அளவும் ஒண்ணா இருக்கணும். காந்தம் ஒட்டுற குண்டு மட்டும் இங்க வேணாம். இரும்பு கலந்தது, குண்டு போய்ப் படுற பின்சுவரைக் கெடுத்துடும்."

"காந்தம் வச்சிருக்கீங்களா?"

அவர் கொடுத்த காந்தத்தோடு, மலிவான பெட்டிகளில் இருந்த குண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

"ட்வைலா, பசிக்குது" என்றான் ராய்ஸ்.

"நீ போய் பர்கர் சொல்லு. இந்த ஒண்ணு ஒட்டுது, அது ஒட்டல. ஏன்னு கேட்டுட்டு வர்றேன்."