நிற்பதற்கு ஒரு ரசீது

இடியாப்பத் தட்டைப் பானையிலிருந்து தூக்கும்போதுதான் ஷஃபியுல்லா பார்த்தார். வண்டியின் முன்கண்ணாடியில் யாரோ பசை தடவிக்கொண்டிருந்தார்கள். ஆவி முகத்தில் அடித்துக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பதற்குள், கழுத்தில் மாநகராட்சி அட்டை தொங்கிய அந்த ஆள் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, உள்ளங்கையால் நான்கு மூலையையும் நீவி, ஒட்டியதைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். காலை ஏழரை மணி. அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் நிற்கும் அந்த வண்டிக்கு முன்னால், டிபன் பாக்ஸும் பிளாஸ்குமாகப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். தாளைப் படிக்க நேரமில்லை. படிக்காமலே அவருக்குப் பயம் வந்துவிட்டது. கவர்மெண்ட் தாள் என்றாலே அவருக்கு அப்படித்தான். ஸ்கூல் வேன் ஓட்டிய பதினெட்டு வருஷமும் பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரு புரோக்கர் தலையில் கட்டிவிட்டு, ஆபீஸ் வாசல் டீக்கடையோடு நின்றுகொண்ட மனுஷன். உள்ளே எத்தனை கவுண்டர் என்று அன்றுவரை அவருக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் சொந்தமாகப் பஸ் வாங்கியபோது அவர் வேனுக்கு வேலையில்லாமல் போனது. அதை விற்றுவிடலாம் என்றுதான் அவர் சொன்னார். சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டு, பக்கவாட்டில் பலகை வெட்டித் திறந்து, அடுப்பும் தண்ணீர் டிரம்மும் ஏற்றி, அதை நாலு பேர் சாப்பிடும் இடமாக்கியது அவர் மனைவி நஸ்ருன்னிசாவின் யோசனை. சமையல் அவருடையது. ஜனங்களோடு பேசுவது அவளுடையது. திருவல்லிக்கேணியிலிருந்து விடிவதற்கு முன்பே புறப்பட்டு வந்து, பதினொரு மணிக்கெல்லாம் பாத்திரம் கழுவிக் கிளம்பிவிடுவார்கள். இடியாப்பம், தேங்காய்ப் பால், வெள்ளைக் குருமா, காரமே போடாத கஞ்சி. கஞ்சி கேட்கிறவர்களிடம் அவள் முதலில் ஒரு கேள்வி கேட்பாள்.

“வாயில புண்ணு கீதாங்க அவருக்கு?”

ஆமாம் என்று தலையாட்டினால், தனியாக எடுத்து வடிகட்டி, இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றி ஆறவைத்து, தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் பிளாஸ்கில் நிரப்புவாள். கரண்டியோடு நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரே கஞ்சியை இவள் எப்படி ஆளுக்கொரு கஞ்சியாக்கிவிடுகிறாள் என்று ஷஃபியுல்லாவுக்குத் தோன்றும். சொன்னதில்லை. முப்பது வருஷம் ஒன்றாக இருந்த பிறகு இதையெல்லாம் எப்படி ஆரம்பித்துச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கூட்டம் குறைந்ததும் அவள் இறங்கிப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று, புடவைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தாள். பத்தாவது வரைக்கும் படித்தவள். அரசாங்கத் தமிழ் அவளுக்குக் கஷ்டமில்லை. நகரும் உணவு வாகனங்களுக்கு இனிமேல் தனி உரிமக் கட்டணம். வண்டியின் நீளத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்ட வேண்டும். இதுவரை தள்ளுவண்டி என்ற கணக்கில் அவர்கள் கட்டிவந்ததைப்போல இருபது மடங்கு. இது வரைவுதான், ஆட்சேபணை இருப்பவர்கள் பதினைந்து நாளைக்குள் எழுதிக் கொடுத்துவிட்டுக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வரலாம்.

“இருபது மடங்கா?” என்றார் ஷஃபியுல்லா. “வண்டிய வித்தாக்கூட வராதே, நஸ்ரு.”

“வித்தா வரும். கொயப்பாதீங்க,” என்றாள் அவள். தாளின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து எடுத்து, நான்காக மடித்துக்கொண்டாள்.

அன்று மதியமே வாஜித் வீட்டுக்கு வந்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் பர்கர் வண்டி போட்டிருப்பவன். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி வரைக்கும் பாட்டு போட்டு விற்பான்.

“ஷஃபி பாய், ஒரு ஆளு கீறான். எல்லார்கிட்டயும் பேசிக்கினு கீறான். தலைக்கு இவ்ளோன்னு குடுத்தா, நம்ம வண்டிங்கள லிஸ்ட்லயே காட்டாம உட்ருவானாம். இன்னா சொல்றீங்க?”

ஷஃபியுல்லாவுக்கு அந்த வார்த்தை குளிர்ந்த தண்ணீர் மாதிரி இறங்கியது. யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து நஸ்ருன்னிசா கேட்டாள்:

“ரசீது குடுப்பானா?”

வாஜித் சிரித்துவிட்டான். “அக்கா, இதுக்கெல்லாம் யாராச்சும் ரசீது குடுப்பாங்களா?”

“அப்ப அவன் எதுக்கு?” என்று சொல்லிவிட்டு அவள் அரிசி ஊறவைக்கப் போய்விட்டாள்.

அடுத்த பத்து நாளும் அவள் மதியத்தில் தூங்கவில்லை. மண்டல அலுவலகத்துக்குப் போய் முழு வரைவையும் கேட்டாள். நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனாள். கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். வரட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது நாள் பதினொரு பக்கம் கையில் கிடைத்தது. வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டுப் போட்டு அதைப் படித்தாள். புரியாத வரிகளை வாய்விட்டுப் படித்தாள். ஷஃபியுல்லா சுவர் பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை எழுந்துபோய் டீ போட்டு, டம்ளரைத் தாளுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தார். அவரால் செய்யமுடிந்தது அவ்வளவுதான்.

கூட்டத்தன்று அவளோடு அவரும் போனார். மாநகராட்சிக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் நீள மேஜை போட்ட ஒரு ஹால். மின்விசிறிகள் ஓடின, காற்று வரவில்லை. வண்டிக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பெண் என்றால் அவள் ஒருத்திதான். மேஜைக்கு அந்தப் பக்கம் உதவி வருவாய் அலுவலர் பியாட்ரிஸ் உட்கார்ந்திருந்தார். சாந்தோம்காரர். நரைத்த தலையை இறுக்கக் கொண்டை போட்டு, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை அணிந்திருந்தார். ஆளாளுக்குக் கத்தினார்கள். ஏழை வயிற்றில் அடிக்காதே என்றார் ஒருவர். கோர்ட்டுக்குப் போவேன் என்றார் இன்னொருவர். அந்த அம்மாள் எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். பேனா மட்டும் அசைந்தது, முகம் அசையவில்லை.

நஸ்ருன்னிசா எழுந்தபோது கையில் அந்தப் பதினொரு பக்கம் இருந்தது.

“மேடம், நாலாவது பக்கத்துல நீளத்த வெச்சி கட்டணம் போட்டிருக்கீங்க. எங்க வண்டி பதினாறு அடி. இதோ, வாஜித் தம்பி வண்டியும் பதினாறு அடி. நாங்க காலைல அஞ்சு மணி நேரம் நிக்கிறோம். அதுக்கப்புறம் அந்த எடம் காலியாத்தான் கிடக்குது. நாள் பூரா நிக்கிற வண்டிங்களும் இருக்குது. ரோட்டுல எவ்ளோ நேரம் நிக்கிறோமோ அதுக்குத்தானே கட்டணம்? நீளத்துக்கு இன்னா கணக்கு? இன்னொண்ணு, வருஷத்துக்கு ஒரே தபா கட்டச் சொன்னா யாராலயும் ஆவாது. மூணு மாசத்துக்கு ஒரு தபா கேளுங்க. இந்தத் தம்பிங்களும் கட்டுவாங்க, நாங்களும் கட்டுவோம்.”

பியாட்ரிஸ் பேனாவை மூடினார்.

“எங்கம்மா நிக்கறீங்க நீங்க?”

சொன்னாள். அந்த அம்மாளின் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

“அந்த ஆஸ்பத்திரிச் சந்தா? கஞ்சி வண்டி?” குரல் தாழ்ந்தது. “தெரியும். என் வீட்டுக்காரருக்கு அங்கதான் ட்ரீட்மெண்ட் நடந்துச்சு. நாப்பது நாள் உங்க கஞ்சிதான் அவருக்கு இறங்கிச்சு.” வரைவைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “நீங்க ஒண்ணு பண்ணுங்க. நோயாளிகளுக்குச் சேவையா நடத்துறேன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க. விதியில அதுக்கு எடம் இருக்கு. கட்டணமே இல்லாம உங்க வண்டிய விட்டுடலாம்.”

ஷஃபியுல்லாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. யா அல்லா, முடிந்தது. பக்கத்தில் வாஜித் தலையைக் குனிந்துகொண்டான். அவனைப் பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் ஷஃபியுல்லாவால் புன்னகையை அடக்க முடியவில்லை. உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

நஸ்ருன்னிசா உட்காரவில்லை.

“உங்க வீட்டுக்காரரு நல்லா கீறாரா மேடம்?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்கார்.”

“அல்ஹம்துலில்லாஹ்.” தாள்களை மேஜைமேல் வைத்தாள். “ஆனா நாங்க சேவை பண்ணலைங்க மேடம். உங்ககிட்டயும் நாப்பது நாளும் காசு வாங்கிக்கினுதான் குடுத்திருப்பேன். இது வியாபாரம். பொய்யி எழுதித் தரமாட்டேன். நான் கட்டுற மாதிரி ஒரு கட்டணம் போடுங்க. கட்டிட்டு நிக்கிறேன்.”

ஷஃபியுல்லாவுக்குக் காது அடைத்துவிட்டது. அதன் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை. பியாட்ரிஸ் பேனாவைத் திறந்து நீளமாக ஏதோ எழுதியதை மட்டும் பார்த்தார்.

பஸ் ஸ்டாப்பில்தான் அவருக்குப் பேச்சு வந்தது. முப்பது வருஷத்தில் அவளிடம் இத்தனை கோபமாக அவர் பேசியதில்லை.

“தங்கத் தட்டுல வெச்சிக் குடுத்தாங்க. எட்டி ஒதைச்சிட்டியே. உனுக்கு இன்னா, பைத்தியமா புடிச்சிகீது?”

அவள் ஸ்டாப்பின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடாதது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

“அசோக் நகர் மறந்துட்டீங்களா?” என்றாள் மெதுவாக.

மறக்கவில்லை. வண்டி போட்ட முதல் வருஷம். ஒரு பெரிய கட்டிடத்துச் சொந்தக்காரர், நல்ல மனுஷன், அவர்கள் சாப்பாடு பிடித்துப்போய், வாசலில் சும்மா நின்றுகொள்ளுங்கள், வாடகையெல்லாம் வேண்டாம் என்றார். எட்டு மாதம் நின்றார்கள். ஒரு நாள் காலையில் குருமா கொதித்துக்கொண்டிருக்கும்போது வாட்ச்மேன் வந்து, எடுத்துக்கோ என்றான். ஏன் என்று கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்பதற்கு ஒரு வழியும் இல்லை. அடுப்பை அணைத்து, கொதிக்கும் பானையைத் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வண்டியைக் கிளப்பினார்.

“சும்மா நிக்க வெச்சவங்க ஒரு நாளைக்கு சும்மாவே எய்ந்துபோன்னும் சொல்லுவாங்க,” என்றாள் அவள். “இந்த மேடம் நல்லவங்கதான். நாளைக்கு வேற எடத்துக்கு மாத்திட்டாங்கன்னா? அடுத்து வர்றவருக்கு நம்ம கஞ்சி தெரியுமா? கட்டணம் கட்டினா அந்த எடத்துல நமக்கு ஒரு பாத்தியத கீது. எவன் வந்து கேட்டாலும் தாள எடுத்து நீட்டலாம். கெஞ்ச வேணாம்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “பயமாத்தாங்க இருந்திச்சு எனுக்கு.”

பஸ் வந்தது. ஷஃபியுல்லா ஏறவில்லை. எதிர்ப்புறக் கடையில் ஒரு பன்னும் டீயும் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெயில் படாதபடி அவள் பக்கத்தில் மறைத்து நின்றார். அடுத்த பஸ்ஸும் போனது. இந்த ஊரில் எத்தனையோ பெரிய மனுஷர்களின் பிள்ளைகளைத் தன் வேனில் ஏற்றி இறக்கியிருக்கிறார். அந்தப் பெரிய மனுஷர்களில் ஒருவர்கூட, கைக்கு வந்த இலவசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்படி வெறும் வயிற்றோடு பஸ் ஸ்டாப்பில் நின்று பன் தின்று அவர் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கட்டணம் முடிவாகி வந்தது. அரை நாள் நிற்கும் வண்டிகளுக்குப் பாதி, எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தவணை. அவள் நினைத்த அளவுக்குக் குறையவில்லை. பாதியான பிறகும் பழைய கட்டணத்தைப்போலப் பத்து மடங்கு இருந்தது. அதற்காக அவர்கள் இடியாப்பத்தின் விலையைக் கொஞ்சம் ஏற்றவேண்டி வந்தது. கஞ்சியின் விலையை அவள் ஏற்றவிடவில்லை. லிஸ்டில் காட்டாமல் விடுவதாகச் சொன்ன ஆளிடம் பணம் கொடுத்திருந்த இரண்டு பேர் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வாஜித் தன் முதல் தவணையைக் கட்டிவிட்டு, ரசீதைப் படமெடுத்து நஸ்ருன்னிசாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினான். தங்கள் தவணையைக் கட்ட ஷஃபியுல்லா தானே மண்டல அலுவலகத்துக்குப் போனார். வாசல் டீக்கடையைத் தாண்டி உள்ளே போய் எண்ணிப் பார்த்தார். மொத்தம் ஆறு கவுண்டர்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை அவர்கள் அடையாறு போய்ச் சேர்ந்தபோது சந்தில் மாநகராட்சி ஆட்கள் இரண்டு பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். தார் ரோட்டின்மேல் நூல் பிடித்து, வெள்ளை பெயிண்டால் வண்டி நுழைய ஒரு பக்கம் மட்டும் விட்டு ஒரு நீளக் கட்டம் போட்டு, அதன் தலைப்பில் ஒரு எண்ணை எழுதினார்கள். ஏழு. அவர்கள் ரசீதில் இருந்த அதே எண். வெளிச்சம் இன்னும் முழுசாக வரவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து பிளாஸ்கோடு இரண்டு பேர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

“ஈரம் கீது, கோட்ட மிதிச்சிடாதீங்க,” என்று சொல்லிவிட்டு நஸ்ருன்னிசா இறங்கினாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, வெள்ளைக் கோட்டை ஜாக்கிரதையாகத் தாண்டி, கட்டத்துக்குள் போய் நின்றாள். ஷஃபியுல்லா ரிவர்ஸ் கியர் போட்டார். பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். ஒரு கையால் வா, வா என்று அழைத்தபடி, இன்னொரு கையை நிறுத்தச் சொல்லத் தயாராக உயர்த்திப் பிடித்தபடி, மூன்று பக்கமும் ஈரக்கோடு மினுங்க, நடுவில் நேராக நின்றுகொண்டிருந்தாள்.