காகிதத்தில் இறங்கிய முகம்

வாசல் சாக்கடையின் வளைவில் கறுப்புத் தோல் போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றின் காம்பால் புரட்டினேன். உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் மையின் பளபளப்பு, மறுபக்கம் ஆறிய கஞ்சியைப் போன்ற பசை. முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் இதே போலக் கிடந்தது. மத்திகிரியில் என் வீட்டின் பின்கட்டில் ஜமீர் அகமதுவும் அவன் மனைவி சுக்ராவும் குடியிருந்தார்கள். அது அவர்கள் வீட்டுக் கழிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. என்ன பொருள் என்பதில்தான் ஐயம்.

ஜமீர் ஓசூரில் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், இரும்பைச் சோதிக்கும் அறையில் வேலை பார்த்தான். வாடகை தவறாது, பேச்சும் அளவாக இருக்கும். ஆனால் விடுமுறை நாளில் சன்னலைக் கம்பளியால் மூடிக்கொள்ளும் மனிதனை நான் எப்படி நம்புவேன்? அடுப்படி மாடத்தில் லேபிள் கிழித்த பிராந்தி பாட்டில் ஒன்று இருந்தது. அருகில் போனால் புளித்த நெடி. சுக்ராவின் விரல்நுனிகளில் தோல் உரிந்திருந்தது. காரணம் கேட்டேன். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். முந்தைய வாரமே எதிர்வீட்டு நாகம்மாவிடம் இதைச் சொன்னேன்; அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

"அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுக்குள்ள போனா சரக்கு மலிவுங்கம்மா. சாப்பாட்டுக் கூடையில வெச்சிக்கினு வந்துடறாங்க. பூனை மாதிரி இருக்கறவங்களத்தான் நம்பக் கூடாது."

நான் அவளை அடக்கிவிட்டேன். இருந்தாலும் அன்று முதல் கூடையைக் கவனித்தேன்.

சாக்கடையில் இரண்டாவது தோலைக் கண்ட ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், தொழிற்சாலைக் காவலர் ராமப்பன் சைக்கிளில் வந்தார். சோதனை அறையில் இரும்பை உருப்பெருக்கிப் படம் எடுப்பார்களாம். எடுத்த நொடியே கையில் வந்துவிடும் அந்தப் படத்துக்கான பிலிம் காணாமல் போகிறதாம். தேதி முடிந்த பிலிமாக இருந்தாலும் காவலர்கள் கண் முன்னேதான் எரிக்க வேண்டுமாம். இரும்பின் படம் வெளியே போனால் அதன் சூத்திரமே வெளியே போனது போல என்றார்.

"பெங்களூர்ல ஒருத்தன் வாங்கறான்னு பேச்சுங்க. அந்த ரூம்ல மூணு பேரு. ஒருத்தரு உங்க வூட்ல இருக்காரு. எதுனா கண்ணுல பட்டா ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க."

மாலையில் வரும்படி சொல்லி அனுப்பினேன். சாட்சியில்லாமல் ஒருவனுடைய சோற்றில் மண்ணைப் போடுவது முறையன்று. சாட்சி கிடைத்த பிறகு மறைப்பதும் முறையன்று.

நான்கரை மணிக்குப் பின்கட்டுக் கதவைத் தட்டினேன். சுக்ரா திறந்தாள். கம்பளி தொங்கிய சன்னலருகே ஒரு தட்டில் வெதுவெதுப்பான நீர். அதில் தடித்த வெள்ளைக் காகிதம் ஊறிக்கொண்டிருந்தது. மேசை மேல் பூரிக்கட்டையும் பெரிய கேமராவும் இருந்தன. இங்கே என்ன நடக்கிறது என்று நேரடியாகக் கேட்டேன். சுக்ராவின் அண்ணன் அக்பர் பாஷா துபாயிலிருந்து கொண்டுவந்த கேமரா என்றான் ஜமீர்.

"பிலிம்?"

அவன் தரையைப் பார்த்தான். "தேதி முடிஞ்சதும்மா. எப்படியும் எரிக்கறதுதான்."

"படத்தை யாருக்குக் கொடுக்கிறாய்?"

"பெங்களூர்ல ஒரு கடைக்காரர். காயிதத்துல ஏத்துனா வரைஞ்ச மாதிரி இருக்குதுன்னு வாங்கிக்கறாரு. பூ, மரம், அவ்ளோதான். இரும்பு ஒண்ணு கூட இல்லீங்கம்மா."

என் முன்னாலேயே செய்து காட்டச் சொன்னேன். அவன் நாற்காலியைக் காட்டினான். "அப்ப உக்காருங்க. உங்களையே எடுத்துடறேன்."

நான் உட்கார்ந்தேன். விளக்கு பளிச்சிட்டது. கேமராவிலிருந்து, படமும் கறுப்புத் தாளும் ஒட்டியிருந்த ஓர் இரட்டைத் தாளை இழுத்தான். சுக்ரா வாய்க்குள் எண்ணினாள். வழக்கமாகப் படம் முழுதும் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். இவன் பாதியிலேயே இரண்டாகப் பிரித்துப் படத்தை எறிந்துவிட்டு, கறுப்புத் தாளை மட்டும், தட்டிலிருந்து எடுத்து நீர் ஒற்றிய வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்தான். பூரிக்கட்டையை ஒரே திசையில் உருட்டினான். எதிர்த் திசையில் உருட்டினால் முகம் இழுபட்டுவிடும் என்றான். கறுப்புத் தாளின் ஓரத்தைச் சுக்ரா விரல்நுனியால் பிடித்து மெதுவாக உரித்தாள். பிராந்தி பாட்டிலிலிருந்து வினிகரைத் தட்டு நீரில் ஊற்றிக் காகிதத்தை அதில் அமிழ்த்தினாள். பசையின் காரத்தை அது முறிக்குமாம்.

என் முகம் நீருக்குள் கிடந்தது. நரையும் மூக்குத்தியும் பொருந்தியிருந்தன. இடக்கண் இருந்த இடத்தில் வெறும் காகிதம். கண் கறுப்புத் தாளிலேயே தங்கிவிட்டது.

நான் கேட்ட சாட்சி இதோ இருந்தது. திருட்டு பிலிம்தான், ஐயமில்லை. ஆனால் அதில் அமர்ந்திருந்தவள் நான்; காட்டினால் நானும் உடந்தை. மாடத்தில் ரோசாத் தொட்டி இருந்தது. வெளியே புளியமரம் இருந்தது. இத்தனையும் இருக்க, இவன் எதற்காக என்னை உட்காரச் சொன்னான்? ஜமீரின் முகத்தைப் பார்த்தேன். அவன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தான். பணிவா, கணக்கா என்று பிரித்தறிய முடியவில்லை.

முன்வாசலில் சைக்கிளை நிறுத்தும் ஓசை. பிறகு ராமப்பனின் செருப்புச் சத்தம் நடையைக் கடந்து பின்கட்டை நோக்கி வந்தது.

"அம்மா, உள்ள இருக்கீங்களா?"

சுக்ராவின் கை தட்டின் விளிம்பில் நின்றது. ஒருவரும் காகிதத்தை எடுக்கவில்லை. அவள் தட்டைத் தன் பக்கம் இழுக்க, அதன் நீர் அசைந்தது. அசைந்த நீருக்கடியில், ஒற்றைக் கண்ணோடு கிடந்த என் முகத்தின் உதடுகள் ஏதோ சொல்லப்போவதைப் போலத் திறந்து மூடின.